பழைய ரேஸ், விமான சிமுலேட்டர்களைப் புதுக் கம்ப்யூட்டரில் சரியாக ஓட்டுவது எப்படி

கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸ் என்ற ரேஸ் கேம் திறக்கிறது, வண்டியும் கிளம்புகிறது. ஆனால் ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை திருப்பினாலே பின்பக்கம் சுழன்று புல்லில் போய் நிற்கிறது. இதைப் பார்த்து "இந்த கேம் ரொம்பக் கஷ்டம்" என்று மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். பாதிக்குமேல் தப்பு கேமிலும் இல்லை, ஓட்டுகிறவர் கையிலும் இல்லை. 1998இல் வந்த கேமுக்கு உங்கள் வீல் எத்தனை டிகிரி சுற்றும் என்று தெரியாது. இன்றைய பிராசசரின் வேகமும் தெரியாது.

சிமுலேட்டர் ஓடினால் மட்டும் போதாது. அதன் கடிகாரம் நம் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும், வீலும் பெடலும் நாம் கொடுத்ததை அப்படியே உள்ளே கொண்டுபோக வேண்டும். இந்த இரண்டும் சரியில்லை என்றால் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சிமுலேட்டர் ஆகாது. கீழே உள்ள வேலைகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு மாற்றம், ஒரு சோதனை. அதற்குப் பிறகு அடுத்தது. பத்து பேட்சை (கேமைத் திருத்தும் சிறு ஃபைலை) ஒன்றாகப் போட்டால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முதலில் கேமின் வயது

பெட்டியில் உள்ள வருடத்தைப் பாருங்கள். 1995க்கு முந்தியதெல்லாம் பெரும்பாலும் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கேம்: ஃபால்கன் 3.0, இண்டிகார் ரேசிங், முதல் நாஸ்கார் ரேசிங். 1996இல் வந்த கிராண்ட் ப்ரீ 2-வும் டாஸ்தான். இவை, டாஸ் கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராமில் ஓடும். 1996 முதல் 2000 வரை வந்தவை விண்டோஸ் 95, 98 காலத்தவை. வூடூ என்ற பழைய கிராஃபிக்ஸ் கார்டின் கிளைட், மைக்ரோசாஃப்டின் பழைய டைரக்ட்எக்ஸ் என்ற இரண்டு கிராஃபிக்ஸ் மென்பொருளை நம்பியவை. தொல்லை மிகுந்த கூட்டம் இதுதான். 2001 முதல் வந்த ஐஎல்-2, நாஸ்கார் ரேசிங் 2003, ஃப்ளைட் சிமுலேட்டர் 2004, ரிச்சர்ட் பர்ன்ஸ் ரேலி, ஆர்ஃபேக்டர், ஜிடிஆர் 2 போன்றவை எக்ஸ்பி காலத்துப் பிள்ளைகள். கிராஃபிக்ஸ் பெரும்பாலும் தானே வேலை செய்யும். சிடி பூட்டும் (அசல் சிடி இருக்கிறதா என்று பார்க்கும் காப்புமுறை) மெமரியும்தான் இவற்றில் தகராறு.

ஸ்டீம், ஜிஓஜி என்ற இணையக் கடைகளில் கிடைக்கும் கேம் என்றால் அதையே வாங்கிவிடுங்கள். சிடி பூட்டு, பழைய இன்ஸ்டாலர் என்ற இரண்டு தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும். ஐஎல்-2 1946, ஃபால்கன் 4.0, ஜிடிஆர் 2, எஃப்எஸ்எக்ஸ் (ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) எல்லாம் அப்படி வந்தவை.

சிடியை முதலில் காப்பாற்றுங்கள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வீடுகளில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நான்கு மாதம் நின்று பெய்தால் அலமாரியில் இருக்கிற சிடியில் பூசணம் பிடிக்கும். ஓரத்திலிருந்து மரவேர் மாதிரி கிளை விட்டுப் பரவினால் அது பூசணம். மேலே மட்டும் இருந்தால் இளஞ்சூடான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பஞ்சால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. டேட்டா வட்டமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. வட்டமாக ஒரு கீறல் விழுந்தால் தொடர்ந்து பல செக்டார் போய்விடும், குறுக்கே விழும் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும். லேபிள் பக்கம் உரிந்து வெளிச்சம் ஊடுருவினால் அந்தச் சிடி போனது போனதுதான். வேறு பிரதி தேடுங்கள்.

சுத்தம் செய்த கையோடு இமேஜ் (சிடியின் முழு நகல் ஃபைல்) எடுத்துவிடுங்கள். இம்ஜ்பர்ன் என்ற புரோகிராம் போதும். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: தொண்ணூறுகளின் கேம்களில் பாட்டு சாதாரண ஆடியோ டிராக்காகவே சிடியில் இருக்கும். ஐஎஸ்ஓ ஃபைலில் அந்த டிராக்குகள் வராது. பாட்டு இல்லாமல் போகும், சில கேம் சிடியே இல்லை என்று சொல்லிவிடும். எனவே பின், கியூ என்ற ஜோடி ஃபைலாக எடுங்கள். விண்டோஸ் ஐஎஸ்ஓவைத் தானாக மவுண்ட் செய்யும் (டிரைவில் போட்ட சிடி மாதிரி திறக்கும்), கியூ ஃபைலைச் செய்யாது. அதற்கு வின்சிடிஎமு போடுங்கள். டிரைவ் வேகத்தை 8எக்ஸ் அளவுக்குக் குறைத்துப் படித்தால் பழைய சிடி நன்றாக வரும்.

அடுத்தது பூட்டு. 2000களின் கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற காப்புமுறை இருக்கும். அது செக்டிரைவ் என்ற டிரைவரை நம்பியது. அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10 அதை ஏற்கவே இல்லை. 2015 செப்டம்பர் அப்டேட்டில் விண்டோஸ் 7, 8இலும் அடைத்துவிட்டார்கள். அதனால்தான் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004 அசல் டிஸ்க் உள்ளே இருக்கும்போதும் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொள்கிறது. இதற்குச் சேஃப்டிஸ்க்ஷிம் என்ற திறமூல மருந்து வந்திருக்கிறது: அசல் டிஸ்க் டிரைவில் இருந்தால், பழைய டிரைவர் சொல்ல வேண்டிய பதிலை இது சொல்லும். கண்ட தளத்தில் கிடைக்கும் கிராக் ஃபைலைப் போடாதீர்கள். வைரஸ் ஒரு பக்கம் இருக்க, அது பெரும்பாலும் வேறு பதிப்பின் எக்ஸ்இ ஆக இருந்து, பின்னால் போடும் பேட்ச் ஒன்றும் ஒட்டாது.

இன்ஸ்டாலரே திறக்கவில்லை, "இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது" என்று வருகிறதா? இன்ஸ்டாலர் 16 பிட். கேம் 32 பிட்டாக இருந்தாலும் 1996, 97 காலத்தில் இன்ஸ்டாலரை 16 பிட்டில்தான் எழுதினார்கள். 64 பிட் விண்டோஸ் சில பழைய இன்ஸ்டால்ஷீல்டு இன்ஸ்டாலர்களை மட்டும் தானே அடையாளம் கண்டு மாற்றிக்கொள்ளும். மற்றவற்றுக்கு ஓடிவிடிஎம் என்ற கருவி இருக்கிறது; இன்ஸ்டாலர் ஃபைலை அதன் மேல் இழுத்துப் போட்டால் திறக்கும்.

இன்ஸ்டால் செய்யும் இடம்

புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடவே போடாதீர்கள். பழைய கேம் தன் செட்டிங்கைத் தன் ஃபோல்டரிலேயே எழுதும். விண்டோஸ் அதைத் தடுத்து, எழுதியதை யூசர் ஃபோல்டருக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான இடத்தில் வைத்துவிடும். நீங்கள் ஒரு ஃபைலைத் திருத்துவீர்கள், கேம் இன்னொன்றைப் படிக்கும். மணிக்கணக்கில் தலை சுற்றும். சி டிரைவில் நேராகக் கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர் திறந்து, பெயரில் இடைவெளி இல்லாமல் அதற்குள் போடுங்கள்.

பிறகு இரண்டு வேலை. கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் திறந்து, லெகசி காம்போனென்ட்ஸின் கீழ் டைரக்ட்பிளே என்பதை டிக் செய்யுங்கள். மைக்ரோசாஃப்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பையும் போடுங்கள். விண்டோஸ் 11இல் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். டைரக்ட்எக்ஸ் 9 கேம்கள் கேட்கும் சின்னச் சின்னத் துணை டிஎல்எல்கள் (கேம் பயன்படுத்தும் துணை ஃபைல்கள்) அதில் வராது.

டாஸ் கேம்: கிராண்ட் ப்ரீ 2-ஐ வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்

டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சைக்கிள்ஸ் என்ற, உள்ளே நடிக்கும் பிராசசரின் வேகத்தைச் சொல்லும் ஒரு எண்ணில்தான் இருக்கிறது. மேக்ஸ் என்று விட்டுவிடாதீர்கள். வேகம் ஏறி இறங்கி, ஓட்டுகிறவருக்கு எதுவும் பிடிபடாது. ஃபிக்ஸ்ட் 60000 என்று தொடங்குங்கள்.

கிராண்ட் ப்ரீ 2-இல் ஓட்டும்போது ஓ எழுத்தை அழுத்தினால் பிராசசர் ஆக்கிரமிப்பு சதவீதம் திரையில் வரும். இந்த கேமின் குணமே அதில் இருக்கிறது. 100ஐத் தாண்டினால் படம் துண்டாகத் தெரியாது, காலமே மெதுவாகும். ஒரு விநாடி ஒன்றே கால் விநாடியாக நீளும். லேப் டைம் அருமையாக வருகிறதே என்று மகிழ்ந்தால் அது பொய். ஃபிரேம் ரேட்டை 25.6 வைத்து, மொனாக்கோவில் மற்ற 25 வண்டியும் முன்னால் நிற்கக் கடைசி இடத்திலிருந்து கிளம்பிப் பாருங்கள். முதல் வளைவில் எண் 100க்குக் கீழே வரும்வரை (டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கில்) கன்ட்ரோல் எஃப்12 அழுத்திச் சைக்கிள்ஸை ஏற்றுங்கள். சத்தம் கரகரக்கத் தொடங்கினால் உங்கள் கம்ப்யூட்டரால் அதற்குமேல் முடியவில்லை. கன்ட்ரோல் எஃப்11 அழுத்திக் குறைத்துவிட்டு, கேமுக்குள் வண்டிக் கண்ணாடி, புகை, தூரத்துக் காட்சி போன்றவற்றை அணையுங்கள்.

டாஸ் விமான கேமில் ஜாய்ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுத்தால், டாஸ்பாக்ஸ் செட்டிங்கில் ஜாய்ஸ்டிக் பகுதியில் உள்ள டைம்ட் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். பெரும்பாலும் அதோடு நிற்கும்.

வூடூ காலத்துக் கேம்களும் பனிமூட்டமும்

கிளைட் கேட்கும் கேமுக்கு என்கிளைடு அல்லது டிஜிவூடூ 2 என்ற மாற்று மென்பொருள். பழைய டைரக்ட்எக்ஸ் கேமுக்கு டிஜிவூடூ 2. செய்முறை எளிது. டிஜிவூடூ தொகுப்பில் எம்எஸ் ஃபோல்டருக்குள் எக்ஸ்86 என்று இருக்கும். அதில் உள்ள டிஎல்எல்களைக் கேமின் எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் ஒட்டுங்கள். கேம் 32 பிட் என்பதால் எக்ஸ்64 ஃபோல்டர் உதவாது. இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கிளைட் கேமுக்கு 3டிஎஃப்எக்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுங்கள். கன்ட்ரோல் பேனல் எக்ஸ்இயையும் அங்கேயே போட்டுத் திறந்து, டைரக்ட்எக்ஸ் பக்கத்தில் வாட்டர்மார்க்கை அணையுங்கள். மெமரியை 256 எம்பி என்று வையுங்கள்.

ஏன் 256? பழைய கேம் கார்டின் மெமரியை, மைனஸையும் சேர்த்துக் கணக்கிடும் 32 பிட் எண்ணில் வாங்குகிறது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. உங்கள் கார்டில் 8 ஜிபி இருந்தால் அது கேமின் கண்ணுக்குப் பூஜ்யமாகவோ மைனஸாகவோ தெரியும். "போதிய வீடியோ மெமரி இல்லை" என்று செய்தி வந்தால் காரணம் மெமரி அதிகமாக இருப்பதுதான்.

விமான கேமில் டிஜிவூடூவுக்கு இன்னொரு அவசியமும் உண்டு. தொண்ணூறுகளின் கேம்கள் தூரத்து மங்கலை டேபிள் ஃபாக் என்ற முறையில் வரைந்தன. பின்னால் வந்த பல கார்டுகளின் டிரைவரில் அது இல்லை. ஆகவே மங்கல் மறைந்து, நிலம் முடியும் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரியும். எதிரி விமானம் மறைந்திருக்க வேண்டிய மூட்டமும் இருக்காது. டிஜிவூடூ அந்த மங்கலைத் திரும்பக் கொண்டுவருகிறது. கேம் எப்படியோ ஓடுகிறது என்று விட்டுவிடாமல் இதையும் போடுங்கள்.

எதற்கும் அசையாத கேமுக்கு 86பாக்ஸ் கடைசி வழி. பென்டியம் பிராசசர், வூடூ கார்டு, விண்டோஸ் 98 எல்லாம் சேர்ந்த ஒரு முழுக் கம்ப்யூட்டரையே உள்ளே கட்டுவது அது. நல்ல பிராசசர் வேண்டும். பென்டியம் 200 அளவுக்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

கடிகாரம்

கேம் திறந்த உடனே மூடுகிறது, அல்லது வண்டி பறக்கிறது, அல்லது தேனில் சிக்கியதுபோல் நகர்கிறது என்றால் பிராசசர் வேகத்தை அது தப்பாக அளந்திருக்கிறது. கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸுக்கு வேகமான பிராசசருக்கான திருத்தம் தனியாக இருக்கிறது. வரிசை இது: சிடியிலிருந்து இன்ஸ்டால், 1.2.0.2 பேட்ச், பிராசசர் திருத்தம், ஓபன்ஜிஎல் அல்லது டைரக்ட்3டி 7 ராஸ்டரைசர் (படம் வரையும் பகுதி), ஜெம் பிளஸ் என்ற லாஞ்சர். ஐந்தும் முடிந்து பத்து லேப் ஓட்டிய பிறகுதான் 60 ஃபிரேம் பேட்ச். கேமின் அசல் ஃபிரேம் ரேட் 36. வீல் அசைவு கைக்கு வழவழப்பாக வருவது 60இல்தான். ஆனால் அதை முதலிலேயே போட்டுவிட்டு ஏதாவது கெட்டால் எங்கே என்று தெரியாது.

இன்டெல் 12ஆம் தலைமுறை முதல் வந்த பல பிராசசர்களில் வேக கோர், சிக்கன கோர் என்று இரண்டு ஜாதி உண்டு. பழைய கேம் அங்குமிங்கும் தாவினால் நடுநடுவே தடுக்கும். டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கம் போய், கேமின் எக்ஸ்இ மேல் ரைட் கிளிக் செய்து, செட் அஃபினிட்டியில் ஒரே ஒரு கோரை மட்டும் விடுங்கள். பூஜ்யத்தை விட்டு 2ஐ எடுப்பது நல்லது. விண்டோஸின் சில்லறை வேலைகள் பூஜ்யத்தில் கூடும். கேமை மூடினால் இந்த அமைப்பு போய்விடும், ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ஃபிரேம் ரேட்டை ரிவாடியூனர் மூலம் 60இல் கட்டிவிடுங்கள். 300 ஃபிரேம் ஓடினால் நல்லது என்பது பழைய கேமில் பொருந்தாது. சில கேம்களில் இயக்கக் கணக்கே ஃபிரேமோடு கட்டப்பட்டது.

இப்போது சோதனை. லெஜண்ட்ஸில் நூர்பர்க்ரிங்கில் ஒரு முழு லேப் ஓட்டுங்கள். கோட்டைத் தாண்டும்போது செல்போன் ஸ்டாப்வாட்சை அழுத்தி, திரும்ப வரும்போது நிறுத்துங்கள். 22.8 கிமீ சுற்று அது. கோவை செட்டிபாளையத்துக் கரி ரேஸ் டிராக்கைப் போலப் பத்து மடங்குக்குமேல். 1967இல் ஜிம் கிளார்க் என்ற ரேஸ் வீரர் அங்கே தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தது 8 நிமிடம் 4.1 விநாடியில். நீங்கள் 11 நிமிடம் எடுத்தாலும் பரவாயில்லை. கேம் சொல்லும் நேரமும் போன் சொல்லும் நேரமும் ஒரு விநாடிக்குள் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு கிமீ சுற்றில் தெரியாத பிழை இதில் தெரிந்துவிடும்.

விமானங்கள்

ஐஎல்-2 1946இல் கான்ஃப் என்ற ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து, விண்டோ பகுதியில் அகலம் 1920, உயரம் 1080, கலர்பிட்ஸ் 32 எழுதுங்கள். சேவ்ஆஸ்பெக்ட் என்ற வரியைப் பூஜ்யம் ஆக்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். செட்டப் புரோகிராமில் டைரக்ட்எக்ஸை விட்டு ஓபன்ஜிஎல் தேர்ந்தெடுங்கள். பெர்ஃபெக்ட் தரத்து நிலமும் தண்ணீரும் அதில்தான் கிடைக்கும்.

ஃபால்கன் 4.0 வைத்திருப்பவர்கள் 1998 எக்ஸ்இயோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஃபால்கன் பிஎம்எஸ் போடுங்கள். இலவசம், ஆனால் அசல் ஃபால்கன் 4.0 கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் இன்ஸ்டால் ஆகும். ஸ்டீம், ஜிஓஜி பதிப்பு போதும்.

எஃப்எஸ்எக்ஸ் 32 பிட். கம்ப்யூட்டரில் 32 ஜிபி ராம் இருந்தாலும் அதற்கு எட்டுவது 4 ஜிபிதான். ஒன்றரை மணி நேரம் பறந்து இறங்கும் நேரத்தில் மூடிக்கொள்வது பெரும்பாலும் இதனால். எஃப்எஸ்எக்ஸின் சிஎஃப்ஜி ஃபைலில் கிராஃபிக்ஸ் பகுதியின் கீழ் ஹை, மெம், ஃபிக்ஸ் என்ற மூன்று சொல்லையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் எழுதி, சமக்குறி போட்டு 1 என்று வையுங்கள். டெக்ஸ்சர் அளவு 1024, எல்ஓடி ரேடியஸ் (நிலம் நுணுக்கமாகத் தெரியும் தூரம்) 4.5க்கு மேல் போகாதீர்கள். இணையத்தில் சொல்லும் 6.5, 7.5 எல்லாம் மெமரியைத் தின்னும். அகலத் திரைக்கு டிஸ்பிளே பகுதியில் வைட்வியூஆஸ்பெக்ட் என்பதை ட்ரூ ஆக்குங்கள். இல்லாவிட்டால் காக்பிட் மூக்குக்கு மிக அருகில் வந்துவிடும்.

2004, எஃப்எஸ்எக்ஸ் இரண்டிலும் அமைப்பைச் சோதிக்க நம் பக்கத்துப் பறப்பு ஒன்று இருக்கிறது: கோவையிலிருந்து கொச்சி, செஸ்னா 172இல். வானிலையைத் தெளிவு என்று வைத்துக் காற்றை நிறுத்துங்கள். கோவையின் 23ஆம் ஓடுபாதையில் ஏறி, இடப்பக்கம் சற்றுத் திரும்பி 215 திசையில் 4,500 அடிக்குப் போங்கள். நேராகவே விட்டால் எட்டிமடைக்கு மேற்கே உள்ள மலைகள் வலப்பக்கம் நெருங்கும். 21 கடல் மைலில் கீழே கொழிஞ்சாம்பாறை. கொச்சி நேர்கோட்டில் அதே திசையில்தான் இருக்கிறது. ஆனால் அப்படியே தொடர்ந்தால் கொல்லங்கோட்டுக்குத் தெற்கே 1,500 மீட்டரைத் தொடும் நெல்லியாம்பதிச் சுவர் எதிரே நிற்கும். கொழிஞ்சாம்பாறையில் மேற்கே திரும்பி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் திருச்சூர் வரை போய், அங்கிருந்து தெற்கே நெடும்பாசேரிக்கு இறங்குவதுதான் வழி.

இந்தப் பறப்பில் இரண்டு விஷயம் தெரியவரும். நெல்லியாம்பதி ஒரு மேடு மாதிரி வழவழவென்று தெரிந்தால் கேமோடு வந்த நில உயரக் கட்டம் நம் ஊருக்குப் போதவில்லை. விண்வெளியிலிருந்து ரேடாரில் எடுத்த எஸ்ஆர்டிஎம் அளவீட்டிலிருந்து செய்த 90 மீட்டர் மெஷ் (நில உயரக் கட்டம்) இலவசமாகக் கிடைக்கும்; அதைப் போட்டால் கொல்லங்கோட்டிலிருந்து கண்ணால் பார்க்கும் அதே பாறை முகம் வரும். இரண்டாவது கடிகாரம். ஜிபிஎஸ் தரைவேகம் 110 நாட் காட்டும்போது போனில் பத்து நிமிடம் அளந்து, எத்தனை தூரம் போனது என்று பாருங்கள். 18.3 கடல் மைல் வர வேண்டும். 16 என்றால் சிமுலேட்டர் திணறுகிறது, ஆட்டோஜெனை (கேம் தானாக நிரப்பும் வீடு, மரங்களை) குறையுங்கள்.

வீல், பெடல், ஜாய்ஸ்டிக்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. கிராஃபிக்ஸுக்கு ஒரு நாள் ஆனால் இதற்கு இரண்டு நாள் கொடுங்கள்.

பழைய கேம் வீலின் சுற்றளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாது. இடக்கோடி, வலக்கோடி இரண்டும் மட்டுமே அதற்குத் தெரியும். 900 டிகிரியில் விட்டால் கை இரண்டரைச் சுற்றுச் சுற்ற வேண்டும், சறுக்கும் வண்டியைப் பிடிக்க நேரம் இருக்காது. 180இல் விட்டால் முதலில் சொன்னதுபோல் ஒரு விரற்கடைக்கே சுழலும். வீலின் சாஃப்ட்வேரில் இந்த கேமுக்கென்று தனி புரொஃபைல் போட்டு, லெஜண்ட்ஸுக்கு 270 முதல் 300 வரை வைத்துத் தொடங்குங்கள். ஜிடிஆர் 2க்கு 400 பக்கம் இயல்பாக இருக்கும். கேமுக்குள் ஸ்டீயரிங் லீனியாரிட்டி இருந்தால் நேர்கோடாகவே வையுங்கள். அங்கே ஒரு வளைவு, வீலின் சாஃப்ட்வேரில் ஒரு வளைவு என்று இரண்டு இருந்தால் கை எதையும் கற்றுக்கொள்ளாது.

பெடலில் கம்பைண்டு பெடல்ஸ் என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆக்சிலரேட்டர், பிரேக் இரண்டையும் ஒரே அச்சில் ஏற்றி, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றையொன்று கழித்துவிடும் அமைப்பு அது. வளைவுக்குள் பிரேக்கை விட்டுக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுப்பது அதில் நடக்காது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரிலும் இதே சங்கடம்: பழைய டைரக்ட்இன்புட் வழியாகப் பார்க்கும்போது இரண்டு ட்ரிக்கரும் ஒரே அச்சு. கன்ட்ரோலரை எக்ஸ்இன்புட் வழியாகப் படிக்கும் கருவி ஒன்றையும் விஜாய் என்ற போலி ஜாய்ஸ்டிக் டிரைவரையும் போட்டு அவற்றைப் பிரித்துத் தனித்தனி அச்சாகக் கொடுக்கலாம். ஸ்டீமிலிருந்து திறக்கும் கேமில் ஸ்டீம் இன்புட்டை அணைக்க மறக்காதீர்கள். அது இயங்கினால் நிஜக் கன்ட்ரோலரும் போலிக் கன்ட்ரோலரும் இரண்டும் தெரியும்.

வீல், தனி பெடல், ஜாய்ஸ்டிக் என்று மூன்று மாட்டியிருந்தால் பழைய கேம் முதலில் தெரிவதைத்தான் பிடிக்கும். விண்டோஸ் ரன் பெட்டியில் ஜாய் புள்ளி சிபிஎல் என்று ஆங்கிலத்தில் தட்டினால் கன்ட்ரோலர் பட்டியல் வரும். அட்வான்ஸ்டு பட்டனில் எது முதன்மை என்று சொல்லலாம். அதற்கும் அடங்காவிட்டால் தேவையில்லாததைக் கழற்றிவிட்டுக் கேமைத் திறங்கள். 15 பின் கேம்போர்ட் ஜாய்ஸ்டிக்குக்கு விண்டோஸ் 10, 11இல் நேரடி வழி இல்லை. யுஎஸ்பி மாற்றி வாங்க வேண்டும்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் (வீல் கைக்குத் திருப்பித் தரும் விசை): லெஜண்ட்ஸில் கோர் என்ற ஐஎன்ஐ ஃபைலில் ஜாய் பகுதியில் அலவ் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 1, டாம்பிங் 40, மேக்ஸ் ஸ்டீயரிங் டார்க் 200 என்று தொடங்குங்கள். இந்த டார்க் எண் குறைந்தால் வீல் கனக்கும், கூடினால் இலேசாகும். எண் கூடினால் கனம் கூடும் என்று நினைத்துத் தலைகீழாகத் திருத்துவது வழக்கமான தவறு. நேர்கோட்டில் கையை விட்டதும் வீல் நடுவுக்கு வராமல் ஒரு பக்கம் ஓடினால் விசை தலைகீழாகப் போகிறது. அந்த எண்ணுக்கு முன்னால் மைனஸ் போடுங்கள். ஆர்ஃபேக்டர், ஜிடிஆர் 2 இரண்டிலும் விசை அளவு சில வீல்களுக்கு மைனஸில்தான் இருக்க வேண்டும்.

ஐஎல்-2இல் ஒவ்வொரு அச்சுக்கும் பத்துப் படி ஸ்லைடர் உண்டு. எல்லாம் 100 என்றால் நேர்கோடு. குறி வைக்கும்போது மூக்கு மேலும் கீழும் ஆடினால் எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் அச்சின்) முதல் நான்கு படியை மட்டும் சற்றுக் குறையுங்கள். கடைசிப் படியைக் குறைத்தால் இழுவையின் முழு வீச்சு கிடைக்காது, திருப்பச் சண்டையில் தோற்பீர்கள்.

கரண்டும் காற்றும்

துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் மதியம் மூன்று மணிக்குமேல் இடி வந்தால் யுபிஎஸ் இருக்கிறது என்று நம்பி ஓட்டாதீர்கள். பிளக்கையும் இண்டர்நெட் கேபிளையும் கழற்றுங்கள். இடி கேபிள் வழியாகவும் மதர்போர்டைத் தொடும். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாக அடிக்கும் கிழக்குக் காற்று கொண்டுவரும் தூசி ஹீட்சிங்க்கில் கம்பளம் மாதிரி படியும். அந்தச் சூட்டில் பிராசசர் தன் வேகத்தைக் குறைக்கும். நேற்றுவரை சரியாக இருந்த கடிகாரச் சோதனை இன்று தப்பினால் பேட்சைத் தேடும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக வந்ததும் கேம் ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து, வீல் புரொஃபைலையும் யூசர் ஃபோல்டரில் உள்ள சிஎஃப்ஜி ஃபைல்களையும் சேர்த்து வெளி டிரைவில் வையுங்கள். என்ன பேட்ச், எந்த வரிசை, வீல் எத்தனை டிகிரி என்று ஒரு நோட்பேட் ஃபைலில் எழுதி அதே ஜிப்புக்குள் போடுங்கள். அடுத்த பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு டைரக்ட்பிளே டிக் காணாமல் போயிருந்தால் அதை மட்டும் திரும்பப் போட்டால் போதும்.